முகாமில் ஜிம் இல்லாதபோது: தசையையும் பலத்தையும் குறைக்கும் தவறுகள்

மாதக்கணக்கில் முகாமுக்கோ, முன்னணிக் காவல் அரணுக்கோ, கப்பலுக்கோ அனுப்பப்படும் வீரர்களுக்குக் கிடைக்கும் பயிற்சிச் சாதனம் பெரும்பாலும் ஒரு ஜோடி டம்பெல், இரண்டு கம்பங்களுக்கு நடுவே வைத்துக் கட்டிய இரும்புக் குழாய், கொஞ்சம் மணல் மூட்டை. இதைப் பார்த்ததும் சிலர் "திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் தினமும் மூச்சு முட்டத் தண்டாலும் பஸ்கியும் போட்டு வியர்த்துக் கொட்டுகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மூச்சு நன்றாகத் தாங்கும், ஆனால் தோளும் தொடையும் பழையபடியே இருக்கும். இரண்டு பேருக்கும் விடுபட்டது ஒன்றுதான்: ஒவ்வொரு செட்டும் (இடைவிடாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) அந்தத் தசைக்கு உண்மையிலேயே கடினமாக இருக்க வேண்டும், அந்தக் கடினம் வாரா வாரம் கொஞ்சமாவது ஏற வேண்டும்.

சுமையைப் படிப்படியாக ஏற்றும் இந்த முறை இன்றைய வடிவத்துக்கு வந்ததே ஒரு ராணுவ மருத்துவமனையில்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்டுத் தசை மெலிந்த வீரர்களுக்கு, அன்றைய வழக்கத்துக்கு மாறாக, கனமான எடையைக் கொடுத்து அதை அளந்து அளந்து ஏற்றினார். 1945-இல் அதைப் பற்றி எழுதவும் செய்தார். அவரிடமும் இருந்தவை எளிய சாதனங்கள்தான். அளந்ததும் ஏற்றியதும்தான் வேலை செய்தது.

வியர்வையை வளர்ச்சி என்று எண்ணிக்கொள்வது

முகாம்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். "நான் தினமும் இருநூறு தண்டால் போடுகிறேன்" என்று சொல்பவர் அதை எப்படிப் போடுகிறார் என்று கவனித்துப் பாருங்கள். இருபது இருபதாகப் பிரித்து, எந்தச் செட்டிலும் திணறாமல், நடுவில் அரை நிமிடம் நின்று முடித்துவிடுவார். அது உடலைச் சூடேற்றும், மூச்சைப் பழக்கும். தசை வளர அது போதாது.

ஒரே முறை மட்டும் தூக்கக்கூடிய எடையில் 30 சதவீதம் அளவுக்குக் குறைந்த எடையிலும், "இனி ஒன்றுகூட முடியாது" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் செட்டைக் கொண்டுபோனால், கனமான எடைக்கு நிகராகத் தசை வளர்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எடை குறைவாக இருப்பது தடை ஆகாது. செட்டைப் பாதியில் வசதியாக நிறுத்திவிடுவதுதான் தடை. அதே நேரம் ஒரு செட்டில் முப்பது ரெப் (ஒருமுறை செய்து முடிப்பது ஒரு ரெப்) தாண்டிவிட்டது என்றால், அந்தப் பயிற்சியைக் கடினமாக்கும் வேளை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது, அறுபது என்று போனால் தசை சோர்வதற்கு முன்னால் மூச்சும் பொறுமையும் தீர்ந்துவிடும்.

கடினமாக்குவது எப்படி? தண்டாலையே எடுத்துக்கொள்வோம். சாதாரணத் தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய 64 சதவீதம் கைகளில் இறங்குகிறது. கால்களை 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் அது சுமார் 74 சதவீதம் ஆகிறது. 80 கிலோ எடையுள்ளவருக்கு 51 கிலோவிலிருந்து 59 கிலோவுக்குப் போவதுபோல. கால்களைக் காலிப் பெட்டி ஒன்றின் மேல் வையுங்கள். உள்ளங்கைகளுக்கு அடியில் கைக்கொரு செங்கல் வைத்தால் நெஞ்சு இன்னும் கீழே இறங்கும். தோள்பட்டைக்கு நடுவில் இறுக்கமாகக் கட்டிய பேக்கை ஏற்றிக்கொள்ளுங்கள். மூன்று விநாடி எடுத்து இறங்கி, அடியில் ஒரு விநாடி நின்று, வேகமாக எழுங்கள். இப்படிப் போட்டால் அறுபது தண்டால் போடுபவரும் பன்னிரண்டு, பதின்மூன்றில் தடுமாறுவார். நீங்கள் முழு வேகத்தில் தள்ளியும் உடல் மெதுவாகத்தான் எழுகிறது என்றால், சரி, அந்தச் செட் வேலை செய்கிறது. இன்னும் ஒன்றோ இரண்டோதான் வரும் என்று தோன்றும்போது நிறுத்திவிடலாம்.

அப்புறம் ஓய்வு. இரண்டு மூன்று நிமிடம் முழுதாக எடுங்கள். இடம் சிறியது, நேரம் குறைவு என்று ஓய்வைச் சுருக்கினால் அடுத்த செட்டில் ரெப் சரிந்துவிடும். நேரம் நெருக்கினால் தண்டாலையும் புல்-அப்பையும் (குழாயில் தொங்கி உடலை மேலே இழுப்பது) மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு தசை வேலை செய்யும்போது இன்னொன்று ஓய்வெடுக்கும்.

தசையும் பலமும் ஒன்றே என்று நினைப்பது

குறைந்த எடையில் தசை வளரும் என்றேன். உச்ச பலத்துக்கு அதே கணக்கு பொருந்தாது. கனமான சுமையை முழு சக்தியோடு எதிர்க்கும் பழக்கம் நரம்புக்கும் வேண்டும். பார்பெல் (இரு முனையிலும் எடை மாட்டும் நீளக் கம்பி) இல்லாத இடத்தில் அதற்கு இரண்டு வழிகள் கைகொடுக்கும். ஒன்று, இரண்டு காலில் செய்வதை ஒரு காலில், இரண்டு கையில் செய்வதை ஒரு கையில் செய்வது. பின்காலைப் பெட்டியில் வைத்து, மணல் மூட்டையை நெஞ்சோடு அணைத்து முன்காலால் உட்கார்ந்து எழுந்தால், ஆறு எட்டு ரெப்பிலேயே பலருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

இன்னொன்று, அசையாத ஒன்றை இழுப்பது. உறுதியான நாடா ஒன்றை இரு பாதங்களுக்கும் அடியில் கொடுத்து, டெட்லிஃப்ட் செய்யும், அதாவது தரையிலிருந்து எடையைத் தூக்கும் நிலையில் முதுகை நேராக வைத்துப் பிடித்து, ஐந்தாறு விநாடி முழு பலத்தோடு இழுங்கள். மூச்சை அடக்காமல் விட்டபடி இழுங்கள். இதில் கிடைக்கும் பலம் பெரும்பாலும் இழுத்த கோணத்தைச் சுற்றியே இருக்கும். ஆகவே நாடாவின் நீளத்தை மாற்றி, முழங்காலுக்குக் கீழே, முழங்காலுக்கு நேரே, தொடை நடுவில் என்று மூன்று இடத்தில் செய்ய வேண்டும். ஒரே உயரத்தில் மட்டும் இழுத்துவிட்டுப் பலன் இல்லை என்று சொல்பவர்கள் நிறைய.

தள்ளுவது மட்டும், இழுப்பது இல்லை

தரை எங்கும் கிடைப்பதால் தண்டால் எல்லோரும் போடுகிறார்கள். இழுக்கும் பயிற்சிக்குத் தொங்க ஓர் இடம் தேவைப்படுவதால் அது விட்டுப்போகிறது. கவச உடையும் பேக்கும் நாள் முழுக்கத் தோளை முன்னால் இழுக்கும் வேலையில் இருப்பவருக்கு மேல்முதுகு பலவீனமாக இருப்பது பெரிய நஷ்டம். தண்டாலுக்கு எத்தனை செட்டோ அத்தனை செட்டாவது இழுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வழி கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். ராண்டி ஹெட்ரிக் என்ற அமெரிக்கக் கடற்படை சிறப்புப் படை வீரர் 1997-இல் பணியில் இருந்தபோது, கையில் இருந்த ஜூஜிட்சு இடுப்புப் பட்டையையும் பாராசூட் நாடாவையும் சேர்த்துத் தொங்கவிட்டு, உடலைச் சாய்த்து இழுத்துப் பயிற்சி செய்தார். பிற்காலத்தில் டிஆர்எக்ஸ் என்று உலகமெங்கும் விற்ற பயிற்சிப் பட்டை அதிலிருந்து வந்ததுதான். புல்-அப் வராதவர் இடுப்பு உயரக் குழாயில் சாய்ந்து இழுக்கலாம். எளிதாக வருபவர் குழாயில் இரண்டு துண்டைப் போட்டு அவற்றைப் பிடித்துத் தொங்கலாம். பிடி பலமும் சேர்ந்து வரும்.

எதில் தொங்கினாலும் முதலில் ஆட்டிப் பாருங்கள். பிறகு கால் தரையில் இருக்க உங்கள் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் இறக்கிப் பாருங்கள். கூடாரக் கம்பத்திலும், கப்பலில் குழாய் வரிசைகளிலும் தொங்கவே கூடாது.

தொடையின் பின்பக்கமும் இப்படி விட்டுப்போகும் ஒன்று. முழங்காலில் நின்று, கணுக்காலை நண்பர் ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, உடலை நேராக வைத்தபடி மெதுவாக முன்னால் சாயுங்கள். கைகளை ஊன்றத் தயாராக வைத்திருங்கள். ஆரம்பத்தில் வாரம் இரண்டு நாள், நான்கைந்து ரெப் போதும். அதற்கு மேல் போனால் மறுநாள் படி இறங்குவது கஷ்டமாகிவிடும்.

அளக்காத மூட்டை

மணல் மூட்டை அருமையான சாதனம். ஆனால் "இந்த மூட்டை கனமாக இருக்கிறது" என்பதோடு விட்டுவிட்டால் ஏற்றம் நடக்காது. உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ. தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ, ஆகவே 20 லிட்டர் ஜெர்ரிகேன் நிரம்பினால் 20 கிலோவும் கேனின் எடையும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தராசே இல்லாமல் கணக்குப் போடலாம். சிறு பைகளில் ஐந்தைந்து கிலோ மணலை இரட்டை உறை போட்டு ஒட்டி, அவற்றைப் பெரிய பைக்குள் அடுக்குங்கள். எடை கூட்ட வேண்டுமானால் இன்னொரு பை. மணல் ஈரமானால் எடை ஏறிவிடும் என்பதால் மழையில் விடாதீர்கள். காவல் சுவருக்காக அடுக்கிய மூட்டைகளில் கை வைக்காதீர்கள், உள்ளே வெடிபொருள் இருக்கும் பெட்டிகளைப் பயிற்சிக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

எழுதி வைக்க ஒரு சின்ன நோட்டு போதும். "பின்கால் உயர்த்தி ஸ்குவாட், 25 கிலோ, 9-8-7" என்று ஒரு வரி. அடுத்த வாரம் 10-8-8 வந்தால் முன்னேற்றம். மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்தால் ஐந்து கிலோ கூட்டுங்கள்.

ரப்பர் பேண்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெயிலும் வெப்பமும் ரப்பரை வெடிக்கச் செய்யும். இழுக்கும் முன் ஒருமுறை விரலால் தடவி விரிசல் பாருங்கள், முகத்துக்கு நேராக இழுக்காதீர்கள்.

பணியின் சுமையைக் கணக்கில் சேர்க்காதது

இந்த ஒரு தவறுதான் ஆளையே சாய்த்துவிடும். 25 கிலோ பேக்கோடு மணிக்கணக்கில் நடந்த ரோந்தும் கால் பயிற்சிதான். மூட்டை அடுக்குவது, பதுங்குகுழி தோண்டுவது, இரவுக் காவலில் தூக்கம் கெடுவது எல்லாமே உடலின் கணக்கில் ஏறும். அதன் மேல், ஊரில் ஜிம்மில் போட்ட அட்டவணையை அப்படியே ஏற்றினால் வளர்ச்சி நின்று, முழங்காலும் இடுப்பும் வலிக்க ஆரம்பிக்கும்.

இங்கே நிம்மதி தரும் ஒரு விஷயம் உண்டு. வளர்ப்பதற்கு நிறைய உழைப்பு வேண்டும், வளர்ந்ததைக் காப்பாற்ற மிகக் கொஞ்சமே போதும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 16 வாரம் பயிற்சி செய்தவர்கள் அதன்பின் 32 வாரத்துக்கு அளவைக் குறைத்துக்கொண்டார்கள். இளவயதினருக்குப் பழைய அளவில் ஒன்பதில் ஒரு பங்கிலேயே தசை அளவு நிலைத்தது. வயதில் மூத்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குகூட அதற்குப் போதவில்லை. ஆக, இளைஞர் ஒருவர் ரோந்து நெருக்கமான வாரத்தில் ஒரே ஒரு நாள், தள்ள ஒன்று, இழுக்க ஒன்று, காலுக்கு ஒன்று என்று சில கடினமான செட் போட்டாலே கையில் இருப்பது போகாது. வேலை தளர்ந்த வாரங்களில் ஒவ்வொரு தசைக்கும் பத்துச் செட்டுக்கு மேல் ஏற்றி வளர்த்துக்கொள்ளலாம். "இந்த வாரம் முழுதாக முடியவில்லை, அதனால் எதுவுமே செய்யவில்லை" என்று விட்டுவிடுவதுதான் வேண்டாத வேலை.

மறுநாள் வெளியே போக வேண்டும் என்றால் முந்தைய நாள் கால் தசைகளை எரிய விடாதீர்கள். பக்கத்தில் நடப்பவருக்கும் உங்கள் கால் தேவை.

வெப்பப் பகுதிக்குப் புதிதாகப் போனவருக்கு உடல் பழக இரண்டு வாரம் வரை ஆகும். அதுவரை விடியலிலோ இருட்டிய பிறகோ மட்டும், பாதி அளவு. 2500 மீட்டருக்கு மேல் போனால் முதல் சில நாள் பயிற்சியையே மறந்துவிட்டு உடலைப் பழக விடுங்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு, அதுவும் வெயிலில், போட்டி போட்டு நூற்றுக்கணக்கில் ரெப் அடித்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். தாங்க முடியாத வலியும் வீக்கமும், தேநீர் நிறத்தில் சிறுநீரும் கண்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். காலைவரை பொறுத்துப் பார்க்கும் விஷயம் இது கிடையாது.

சாப்பாட்டைக் குறைத்துப் பொடியை நம்புவது

அமெரிக்க ராணுவத்தின் கடுமையான ரேஞ்சர் பயிற்சியில் சுமார் இரண்டு மாதம் போதிய உணவும் தூக்கமும் இல்லாமல் கழித்த வீரர்கள் உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் இழந்ததை ராணுவ ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அதில் தசையும் போனது, பலமும் குறைந்தது. நல்ல உடற்கட்டு கொண்டவர்களுக்கே அப்படி. எடை இறங்கிக்கொண்டே போகிறது என்றால் எந்தப் பயிற்சி அட்டவணையும் காப்பாற்றாது, தட்டில் இருப்பதைக் கூட்ட வேண்டும். உயரமான இடங்களில் பசியே எடுக்காது. அங்கே கடிகாரம் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் அளவுக்கு வந்தால் பெரும்பாலோருக்குப் போதும். கிரியேட்டின் என்ற துணை உணவுப்பொடி தினம் 3 முதல் 5 கிராம் பலன் தரும், நன்கு ஆராயப்பட்டதும்கூட. பயிற்சிக்கு முன் குடிக்கும் தூண்டல் பொடிகளில்தான் கவனம் தேவை. டிஎம்ஏஏ என்ற தூண்டுபொருள் சேர்ந்த பொடிகளை, வீரர்கள் சிலர் இறந்ததைத் தொடர்ந்து, 2011 டிசம்பரில் அமெரிக்க ராணுவத் தளக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத டப்பாவை வெயிலில் உழைக்கும் உடலுக்குள் விடாதீர்கள். மருந்துப் பரிசோதனையில் மாட்டும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

திரும்பி வந்த முதல் நாள்

கடைசித் தவறு ஊருக்கு வந்த பிறகு நடப்பது. ஜிம்மில் காலெடுத்து வைத்ததும் போவதற்கு முன் தூக்கிய எடையைப் பார்பெல்லில் ஏற்றிவிடுவார்கள். தசை அளவு நிலைத்திருக்கலாம், ஆனால் பார்பெல்லின் கனத்துக்கு முதுகும் தசைநாண்களும் பல மாதம் பழகவில்லை. பழைய எடையில் ஐம்பது, அறுபது சதவீதத்தில் தொடங்கி, வாரம் ஐந்து ஐந்து கிலோவாக ஏற்றுங்கள். இழந்த தசை புதிதாக வளர்ப்பதைவிட வேகமாகத் திரும்பும் என்பதால் பலர் இரண்டு மாதத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடுவார்கள். முகாமில் எழுதிய நோட்டை அங்கேயும் கொண்டுபோங்கள். ஒரு காலில் செய்த ஸ்குவாட்டையும் துண்டில் தொங்கிய புல்-அப்பையும் பார்பெல்லோடு சேர்த்தே தொடரலாம்.