ஆலை மூடும்போது செய்யக் கூடாதவை: ராஜினாமா எழுதி ஏமாந்தவன் சொல்வது

போன மாதம் திருமங்கலம் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் என்னைத் தேடி வந்தார்கள். எல்லோரும் ஆடை ஆலையில் டெய்லர், செக்கிங் வேலை பார்ப்பவர்கள். ஆர்டர் வங்கதேசத்துக்குப் போகிறதாம், அடுத்த மாதத்தோடு லைனை நிறுத்தப் போகிறார்களாம். “அண்ணே, செக் ரெடியா இருக்குன்னு சொல்றாங்க, ஒரு கையெழுத்துதான் கேக்குறாங்க” என்றாள் ஒரு தங்கச்சி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சில வருடங்களுக்கு முன்னால் அதே கையெழுத்தைப் போட்டவன் நான்.

பணம் கேட்டு மனுப் போடும்போது ஆதாரில் பெயர் தப்பு, வங்கிக் கணக்கு இணைக்கவில்லை என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் சென்டர்காரரே சொல்லிவிடுவார். அதை விடுகிறேன்.

நமக்கென்று தனித் திட்டம் வரும் என்று காத்திருப்பது

வராது. வேலை வெளிநாட்டுக்குப் போனதால் வேலை இழந்தவர்களுக்கென்றே அமெரிக்காவில் ஒரு திட்டம் இருந்தது. அங்கேயே 2022 ஜூலையிலிருந்து புது மனுக்களை ஏற்பதில்லை. இங்கே வேலை எதனால் போனது என்று யாரும் கேட்பதில்லை, எப்படிப் போனது என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியில்தான் நாம் கவிழ்கிறோம்.

ராஜினாமா எழுதிக் கொடுப்பது

எங்கள் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் வங்கதேச ஆடைக்கு இறக்குமதி வரி கிடையாது, நம் சரக்குக்கு உண்டு, அதனால் பையர் போய்விட்டார் என்று கூட்டம் போட்டு விளக்கினார்கள். அதில் பொய் இல்லை. அப்புறம் ஒவ்வொருவராக எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். டீ வந்தது. மேசையில் 60,000 ரூபாய்க்கு செக், பக்கத்தில் டைப் அடித்த ஒரு தாள்: ‘எனது சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்.’ இது வெறும் ஃபார்மாலிட்டி என்றார்கள். ஒன்பது வருடம் வேலை பார்த்தவன், செக்கைப் பார்த்தேன், தாளைப் படிக்கவில்லை.

அப்போது என் சம்பளம், பஞ்சப்படியோடு 10,400. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை 26 நாள் மாதக் கணக்கில், முழு வருடம் ஒன்றுக்கு 15 நாள் சம்பளம். வருடத்துக்கு 6,000, ஒன்பது வருடத்துக்கு 54,000. ஐந்து வருடம் முடித்தவருக்கு இது ராஜினாமா செய்தாலும் கிடைக்க வேண்டிய பணம். அப்படியானால் அந்தத் தாளுக்கு அவர்கள் கொடுத்த விலை 6,000 ரூபாய்!

விட்டது எவ்வளவு? ஆட்குறைப்பு என்று எழுதியிருந்தால் முழு வருடம் ஒன்றுக்கு 15 நாள் சராசரிக் கூலி, அதாவது அரை மாதச் சம்பளம், தனியாக வரும்: 46,800. ஒரு மாத நோட்டீஸ் தரவில்லை என்றால் அந்த மாதச் சம்பளம் 10,400. இதோடு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று 2005 ஏப்ரலிலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. ஆலை மூடியதாலோ ஆட்குறைப்பாலோ வேலை போயிருந்து, குறைந்தது இரண்டு வருடம் சந்தா கட்டியிருந்தால், முதல் 12 மாதத்துக்குச் சராசரிக் கூலியில் பாதி வரும். எனக்கு அது 62,400 வரை வந்திருக்கும். உதவித்தொகை அதிகபட்சம் 24 மாதம். அதுவரை குடும்பத்தோடு மதுரை தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியமும் உண்டு. தானாக விலகியவருக்கு இவை எதுவும் இல்லை.

கூட்டிப் பாருங்கள், 1,19,600. இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் என் தாளைப் பார்த்த ஊழியர் கோபப்படவில்லை. “சொந்தக் காரணம்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார்” என்றார். அந்த ‘சார்’ இன்னும் காதில் குத்துகிறது.

செக்கை வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன், பள்ளிக்கூட ஃபீஸ் காத்திருக்காது. ஆனால் அதற்கு ரசீதில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். ‘ஆலை மூடப்படுவதால் வேலை நீக்கம்’ என்று கடிதம் கேளுங்கள். தர மறுத்தால், கேட்டதையும் மறுத்ததையும் எழுதி நிர்வாகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அச்சடித்த தாளைக் கண்டால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். தர மாட்டார்கள். அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

90 நாள் திட்டத்தை ராஜீவ் காந்தி திட்டம் என்று நினைப்பது

அது அடல் பீமித், வேலை இழந்தவருக்கு இ.எஸ்.ஐ. தரும் உதவித்தொகைதான். வேறு. 2018-இல் வந்தது, அதிகபட்சம் 90 நாள், ஆயுளில் ஒரு முறை.

காண்ட்ராக்ட் ஆள்தானே என்று ஒதுங்குவது

ஒதுங்காதீர்கள். காண்ட்ராக்டர் இ.எஸ்.ஐ., பி.எஃப். கட்டாவிட்டால் ஆலைதான் கட்ட வேண்டும்.

பென்ஷன் பணத்தையும் சேர்த்து உருவுவது

பி.எஃப். பணத்தை எடுப்பது அவரவர் நிலைமை. அதோடு பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அத்தனை வருட சர்வீஸும் அழிந்துவிடும். 58 வயதில் பென்ஷன் வாங்கப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். ஒன்பதில் எடுப்பவர்களைப் பார்த்தால் பகீர் என்கிறது. பணத்துக்குப் பதில், பார்த்த சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால், அடுத்த வேலையின் வருடங்கள் அதோடு சேரும்.

நான் தப்பித்தது புத்தியால் இல்லை. மனுப் போடப் போன அன்று சர்வர் படுத்துவிட்டது, மறுபடி போகச் சோம்பல். அதற்குள் கப்பலூரில் வேறு வேலை கிடைத்து, பழைய கணக்கை அதோடு மாற்றிக்கொண்டேன். இப்போது பன்னிரண்டு வருடம்.