பலத்தைக் கேட்டால் நிகழ்ச்சியைச் சொல்லுங்கள்

நேர்முகத் தேர்வில் "உங்கள் பலம் என்ன?" என்று கேட்டதும் "நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன்" என்று தொடங்குவோரே அதிகம், காலையிலிருந்து பத்துப் பேரிடம் அதையே கேட்டுச் சலித்த அதிகாரியின் காதில் அது ஏறுவதில்லை. நெல்லை அருகே கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பணிக்குச் செல்லும் பத்தமடைப் பெண் ஒருவர், தாம் கவனமானவர் என்று வெறுமனே கூறுவதைவிட, "அம்மாவுடன் கோரைப்பாய் நெய்தபோது நான்கு விரற்கடைக்கு முன்பே ஓர் இழை பிசகியிருந்ததைக் கண்டு, அதுவரை நெய்ததைப் பிரித்து மறுபடி நெய்தேன், ஒரு நாள் தாமதமானாலும் வாங்கியவர் குறை சொல்லவில்லை" என்று சொன்னால், கேட்பவர் அடுத்த கேள்வியை அதிலிருந்தே எடுப்பார். வீட்டுத் தொழிலைச் சொல்லக் கூச்சப்படுவது நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் காணும் வீண் தயக்கம். விளம்பரத்தில் கேட்டிருக்கும் தகுதிகளில் இரண்டை மட்டும் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்ச்சியை ஒரு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். மனப்பாடம் வேண்டாம், ஒரு சொல் மறந்தால் முழுப் பதிலும் நின்றுவிடும். பேச்சில் நெல்லைத் தமிழின் சாயல் வந்தால் வரட்டும். "ஏலே" மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கட்டும்.