முதல் ஹோம் தியேட்டர்: வாட்ஸைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் பாருங்கள்

இப்போதைய மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கருக்கு இடமே இல்லை. கீழ்நோக்கியோ பின்நோக்கியோ எப்படியோ செருகி வைத்திருக்கிறார்கள். வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால், அடுத்த சண்டைக் காட்சியில் பக்கத்து வீடே எழுந்துவிடுகிறது. எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். சிறிய கூடம், பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டக்கூடாது என்ற உத்தரவு. அதற்குள் ஒரு ஹோம் தியேட்டர் செட் வாங்கி ஓடவிட்ட அனுபவத்தில் எழுதுகிறேன். ப்ளூடூத் இணைப்பது போன்றவை உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: கடைக்குப் போகுமுன்

டிவியின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் அருகே மட்டும் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று பொடி எழுத்தில் இருக்கும். டிவியில் ஓடும் படத்தின் ஒலி அந்த வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகும். மற்றத் துளைகள் இதற்கு உதவாது. ஏஆர்சி வசதி 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது, சமீபத்திய டிவி என்றால் பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் ஆப்டிகல் துளையைத் தேடுங்கள், அதிலும் டால்பி டிஜிட்டல் 5.1 போகும், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் அடித்தொனிக்கான ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனியாகப் பிரித்த ஒலி. இரண்டுமே இல்லை, ஹெட்போன் துளை மட்டும்தான் என்றால் 5.1 ஆசையை விட்டுவிட்டு நல்ல ஸ்டீரியோ ஸ்பீக்கர் இரண்டு வாங்குங்கள்.

படி 2: கடையில்

அட்டைப்பெட்டியில் 'பிஎம்பிஓ' (ஒரு நொடித்துளிக்கு மட்டும் எட்டும் உச்சக் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தால் அடுத்த பெட்டிக்குப் போய்விடுங்கள். தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் 'ஆர்எம்எஸ்' எண்தான் கணக்கு. அதிலும் மயங்க வேண்டாம்: வாட்ஸ் இரு மடங்கானால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு லேசாகத்தான் தெரியும். சிறிய கூடத்துக்கு நடுத்தர செட்டே மிகை.

பெரிய பொறி வேறு இடத்தில் இருக்கிறது. மலிவான '5.1' செட்கள் பலவற்றில் யுஎஸ்பி, ப்ளூடூத், ஆக்ஸ் மட்டுமே இருக்கும். எச்டிஎம்ஐயும் கிடையாது, ஆப்டிகலும் கிடையாது. டிவியிலிருந்து ப்ளூடூத்தில் வருவது இரண்டு சேனல், அதாவது இடம், வலம் என்ற இரண்டு தனி ஒலிகள் மட்டும். அதையே ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். முன்னால் பேசுகிறவன் பின்னாலும் பேசுவான்! பின்பக்கத்தில் ஏஆர்சி அல்லது ஆப்டிகல், பெட்டியில் டால்பி டிஜிட்டல் முத்திரை, இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த செட்டை இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறதா? பின் ஸ்பீக்கருக்கு இடமில்லை, 3.1 சவுண்ட்பார் (இடம், நடு, வலம் மூன்றும் ஒரே நீளப் பட்டையில், கூடவே ஒரு சப்வூஃபர்) போதும். சினிமாவில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் வருகிறது. நடு ஸ்பீக்கர் இல்லாத 2.1-ஐவிட அதுவே மேல். மேல்நோக்கிய ஸ்பீக்கர் எதுவும் இல்லாத மலிவு சவுண்ட்பாரில் 'அட்மாஸ்' (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் காட்டும் டால்பி வசதி) என்று எழுதியிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

படி 3: வைப்பது

பின் ஸ்பீக்கர்களைக் கூரை மூலையில் தொங்கவிடுவது நம் ஊர்ப் பழக்கம், அது வேண்டாம். உட்காருமிடத்துக்கு இருபுறமும், காதுக்குச் சற்றுப் பின்னால், தலைக்குக் கொஞ்சம் மேலே வைத்தாலே போதும். ஒயரில் கோடு போட்ட இழையை எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே முனையில் மாட்டுங்கள். ஒன்றில் மட்டும் மாறிவிட்டால் ஒலி சோகைபிடித்ததுபோல் ஆகிவிடும்.

சப்வூஃபரை மூலையில் தள்ளினால் அதிர்வு கூடும், தெளிவு போகும். அதைத் தற்காலிகமாக சோபாவின் மேல் ஏற்றிவைத்து, தாளம் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து பாருங்கள். எங்கே கட்டுக்கோப்பாகக் கேட்கிறதோ அங்கே அதை இறக்கி வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

படி 4: டிவி செட்டிங்

என்னை ஒரு மாலை முழுக்க உட்காரவைத்த படி இது. எல்லாம் சரியாக மாட்டியாகிவிட்டது, ஒலியும் வருகிறது, பின் ஸ்பீக்கர்கள் மட்டும் ஊமை. ஒயரைக் கழற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. கோளாறு டிவியின் மெனுவுக்குள் இருந்தது.

முதலில் எச்டிஎம்ஐ சிஇசி-யை (எச்டிஎம்ஐ ஒயர் வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) இயக்குங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அடுத்து ஒலி வெளியீட்டை டிவி ஸ்பீக்கரிலிருந்து ஏஆர்சிக்கு மாற்றுங்கள். பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அதே மெனுவில் இன்னும் கீழே 'டிஜிட்டல் ஒலி வெளியீடு' என்று ஒன்று இருக்கும். அது 'பிசிஎம்' என்று இருந்தால் ஏஆர்சியில் இரண்டு சேனல்தான் போகும். 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' (டால்பி ஒலியைப் பிரிக்காமல் செட்டுக்கு அனுப்புவது) என்று மாற்றுங்கள். மாற்றிய நொடியில் என் செட்டின் சின்னத் திரையில் 'டால்பி' என்ற எழுத்து வந்தது, சோபாவுக்குப் பின்னால் மழை பெய்யத் தொடங்கியது.

சோதிக்க, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் பெயர் சொல்லி அழைக்கும் 5.1 சோதனைக் கோப்பை பென் டிரைவில் போட்டு டிவியில் ஓடவிடுங்கள். யூடியூப் சோதனை வீடியோக்கள் பெரும்பாலும் ஸ்டீரியோவாகவே வந்து சேரும், நம்ப வேண்டாம்.

பிற்சேர்க்கை (வாசகர்கள் கேட்டவை)

டிஜிட்டல் ஒலி வெளியீட்டில் 'பாஸ் த்ரூ' (வந்த ஒலியை டிவி மாற்றாமல் அப்படியே அனுப்புவது) வைத்ததும் ஒலியே போய்விட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓடிடி செயலிகள் டால்பி டிஜிட்டல் பிளஸ் அனுப்புகின்றன. மலிவு செட்கள் சிலவற்றுக்குப் பழைய டால்பி டிஜிட்டல்தான் புரியும். டிவி மெனுவில் 'டால்பி டிஜிட்டல்' என்று தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், மாற்றிக் கொடுக்கும் வேலையை டிவியே செய்துவிடும்.

தமிழில் மட்டும் பின் ஸ்பீக்கர் பேசவில்லை என்றார் இன்னொருவர். செயலியின் ஒலித்தடப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆங்கிலத்துக்கு 5.1 இருக்கும், தமிழ் மொழிமாற்றத்துக்கு வெறும் ஸ்டீரியோதான் கொடுத்திருப்பார்கள். அதற்கு உங்கள் செட் பொறுப்பல்ல.

உதடும் ஒலியும் பொருந்தவில்லையென்றால் டிவியின் ஒலி மெனுவில் தாமத அளவு மில்லிசெகண்டில் இருக்கும். செய்தி வாசிப்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.