கம்போரோ தடுப்பு மருந்து: நாள் குறிப்பதிலிருந்து நாக்கைப் பார்ப்பது வரை

14ஆம் நாள் தடுப்பு மருந்து கொடுத்தாயிற்று என்று ஏட்டில் எழுதி வைத்திருக்கும் பண்ணையிலேயே நான்காவது வாரத்தில் கம்போரோ நோய் வருவதுண்டு. எங்கள் நாட்டுக்கோழிக் கொட்டகையிலும் அப்படித்தான் வந்தது. இறந்த குஞ்சுகளைக் கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்து உறுதி செய்த பிறகு, கோளாறு மருந்திலா, நாளிலா, தண்ணீரிலா என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். அடுத்தடுத்த பேட்ச்களை நோயின்றி வளர்க்க உதவிய முறையை இங்கே எழுதுகிறேன். புரூடர் அமைப்பதும் ராணிக்கெட் சொட்டு மருந்து போடுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், இது எந்த நோய் என்று தெளிவாகுங்கள்

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் கம்போரோ என்ற ஊரை ஒட்டிய பண்ணைகளில் 1957இல் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டதால் இந்நோய்க்கு அப்பெயர் வந்தது. மருந்துக் கடையில் ஐ.பி.டி. (இந்நோயின் ஆங்கிலப் பெயரான Infectious Bursal Disease என்பதன் சுருக்கம்) தடுப்பு மருந்து என்று கேட்டால் கொடுப்பார்கள். குஞ்சின் எச்சத்துவாரத்துக்கு மேலே, குடலை ஒட்டி, பர்சா என்ற சிறு பை இருக்கிறது. நோய் எதிர்ப்புப் பொருளை உற்பத்தி செய்யும் பி வகை வெள்ளையணுக்கள் அங்கேதான் முதிர்ச்சி அடைகின்றன. கம்போரோ வைரஸ் அந்த அணுக்களையே அழிக்கிறது. 3 முதல் 6 வாரக் குஞ்சுகளில் நோய் வெளிப்படையாகத் தெரியும். 3 வாரத்துக்கு முன்பே தொற்றினால் குஞ்சுகள் சாகாமல் இருக்கலாம், ஆனால் பர்சா சிதைந்துவிடுவதால் பிறகு போடும் ராணிக்கெட் மருந்தும் சரியாகப் பிடிக்காது. வெளியே தெரியாத இந்த இழப்பையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

குஞ்சுகள் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கூனி நிற்கும், நடுங்கும், சுண்ணாம்பு கலந்த நீர்போல் கழியும், தன் எச்சத்துவாரத்தைத் தானே கொத்திக்கொள்ளும். கழிச்சல் வெள்ளையாக இருப்பதால் இதை ராணிக்கெட் என்றே பலர் எண்ணி, நோய்கண்ட கூட்டத்துக்கு லசோட்டா என்ற ராணிக்கெட் தடுப்பு மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அறுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கம்போரோவில் தொடையிலும் மார்புச் சதையிலும் இரத்தக் கசிவு திட்டுத் திட்டாக இருக்கும். நோயின் மூன்றாம், நான்காம் நாளில் பர்சா வீங்கி, அதன்மேல் மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பான நீர்க்கோவை படர்ந்திருக்கும். சில நாட்கள் கழித்துப் பார்த்தால் அதே பர்சா சுருங்கி, மண்ணீரலைவிடச் சிறியதாகிவிடும். நலமான இளங்குஞ்சில் பர்சாதான் மண்ணீரலைவிடப் பெரியது. எங்கள் மருத்துவர் இரண்டையும் வெட்டி எடுத்து அருகருகே வைத்துக் காட்டினார். ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. ஆனாலும், முடிவு சொல்வதை மருத்துவரிடமே விடுங்கள்.

நாள் குறித்தல்

பெரும்பாலானோர் தடுமாறுவது இந்தப் படியில்தான், ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தாய்க்கோழிக்குத் தடுப்பு மருந்து போடப்பட்டிருந்தாலோ அது நோயில் பிழைத்ததாக இருந்தாலோ, அதன் எதிர்ப்புப் பொருள் முட்டையின் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு வந்து சேர்கிறது. முதல் சில வாரங்கள் குஞ்சைக் காப்பாற்றுவது அதுதான். நாம் கொடுக்கும் உயிருள்ள தடுப்பு மருந்தை வேலை செய்யவிடாமல் அழிப்பதும் அதுதான். மிக முன்னதாகக் கொடுத்தால் மருந்து வீணாகும், மிகத் தாமதித்தால் நோய் முந்திக்கொள்ளும்.

தாய்வழி எதிர்ப்புப் பொருளின் அளவு பிராய்லர் குஞ்சில் ஏறத்தாழ 3 நாளுக்கு ஒருமுறையும், முட்டைக்கோழிக் குஞ்சில் ஏறத்தாழ 5 நாளுக்கு ஒருமுறையும் பாதியாகக் குறைகிறது. நடுத்தர வீரியமுள்ள இன்டர்மீடியட் வகை மருந்து வேலை செய்ய, இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை அளக்கும் எலிசா பரிசோதனையின் அளவு சுமார் 125க்கு இறங்க வேண்டும். அதைவிட வீரியமான இன்டர்மீடியட் பிளஸ் வகை சுமார் 500இலேயே வேலை செய்யும். 4ஆம் நாளில் இரத்தம் எடுத்த பிராய்லர் குஞ்சுகளில் அளவு 4000 என்று வந்தால், அது 2000, 1000, 500, 250, 125 என ஐந்து முறை பாதியாக வேண்டும். ஐந்து முறைக்கு 15 நாள், அதனுடன் 4 நாளைக் கூட்டினால் 19ஆம் நாள் இன்டர்மீடியட் கொடுக்கலாம். பிளஸ் வகை என்றால் மூன்று முறை பாதியானால் போதும். 13ஆம் நாளே கொடுக்கலாம். நெதர்லாந்தின் டெவென்டர் நகரின் பெயரால் வழங்கும் சூத்திரத்தின் சாரம் இதுதான். பெரிய பண்ணைகள் 20 குஞ்சுகள் அளவில் இரத்தம் எடுத்து இப்படியே நாள் குறிக்கின்றன.

சிறு பண்ணையில் இந்தப் பரிசோதனைக்கு வழியில்லை. எங்கள் பேட்ச்சில் நேர்ந்த சிக்கலும் இங்கேதான் இருந்தது. குஞ்சு விற்றவர் பல வீடுகளிலிருந்து முட்டை வாங்கி ஒரே இன்குபேட்டரில் பொரித்திருந்தார். அதனால் சில குஞ்சுகளுக்குத் தாய்வழி எதிர்ப்பு ஏராளமாக இருந்தது, சிலவற்றுக்கு அறவே இல்லை. அவர் சொன்னபடி 14ஆம் நாளில் கொடுத்த ஒரே தவணை, எதிர்ப்பு மிகுந்திருந்த குஞ்சுகளில் பிடிக்கவே இல்லை. இப்படிப்பட்ட கலப்புக் கூட்டத்துக்கு 14ஆம் நாள் இன்டர்மீடியட் ஒரு தவணை, 24 முதல் 28ஆம் நாளுக்குள் மறுதவணை என்று இரண்டு கொடுப்பதே பாதுகாப்பு. லசோட்டாவுக்கும் இதற்கும் ஒரு வார இடைவெளி விடுங்கள்.

தாயின் நிலை தெரியாத நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு முதல் தவணையிலேயே பிளஸ் வகை கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். தாய்வழி எதிர்ப்பு இல்லாத குஞ்சில் அந்த வீரியமான மருந்தே பர்சாவைச் சேதப்படுத்தும். வட்டாரத்தில் கடுமையான நோய் பரவியிருந்து, மருத்துவர் சொன்னால் மட்டும் அதை நாடுங்கள்.

மருந்து வாங்கி வருதல்

2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் வைத்து விற்கும் கடையில், காலாவதித் தேதி பார்த்து, ஐஸ் கட்டிகள் வைத்த தெர்மாகோல் பெட்டியில் வாங்கி வாருங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்க வேண்டாம், உறையவும் விட வேண்டாம்.

தண்ணீரைத் தயார் செய்தல்

300 குஞ்சுகள் வரை இருந்தால் தண்ணீரில் கலப்பதைவிடக் கண்ணில் ஒரு சொட்டு விடுவதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் எந்தக் குஞ்சும் விடுபடாது. மருந்துடன் வரும் கரைப்பானில் கலந்து, சொட்டு விட்டதும் குஞ்சு கண் சிமிட்டி அதை உள்வாங்கும் வரை கையில் பிடித்திருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட கூட்டத்துக்குத் தண்ணீர் முறைதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

தண்ணீரில் குளோரின் சிறிதளவு இருந்தாலும் மருந்து செத்துவிடும். கூட்டுக் குடிநீரைத் தவிர்த்துக் கிணற்றுத் தண்ணீரை எடுங்கள். வழியில்லையென்றால் கொதிக்க வைத்து ஆற்றிய நீரைப் பயன்படுத்துங்கள். குடிநீரில் கிருமிநாசினி கலப்பதை இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். தண்ணீர்க் குவளைகளை அன்று சோப்போ பிளீச்சிங் பவுடரோ போட்டுக் கழுவாமல் வெறும் நீரில் தேயுங்கள். தண்ணீரைக் குளிரவைக்கக் கடை ஐஸை அப்படியே போடுபவர்கள் உண்டு. அந்த ஐஸ் குளோரின் கலந்த நீரில் செய்ததாக இருக்கலாம். கிணற்று நீரைப் பாட்டிலில் அடைத்து உறையவைத்து, மூடியைத் திறக்காமலே வாளிக்குள் போடுவது நல்லது.

1000 குஞ்சுகளுக்கு, வயது எத்தனை நாளோ அத்தனை லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. 14ஆம் நாளில் 14 லிட்டர். வெயில் காலத்தில் இது போதாமல் போகலாம் என்பதால், முந்தின நாள் அதே நேரத்தில் இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு குடித்தன என்று அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து அரை மணி நேரம் வைத்தால், மிச்சமிருக்கும் குளோரினை அது கட்டிவிடும். கொழுப்புள்ள பால் வேண்டாம், குடிநீர்க் குழாயில் நிப்பிள் (குஞ்சு கொத்திக் குடிக்கும் முனை) வைத்திருந்தால் அது அடைத்துக்கொள்ளும்.

கொடுத்தலும் சரிபார்த்தலும்

விடியற்காலையில் தொடங்குங்கள். கோடையில் ஒரு மணி நேரமும் குளிர்காலத்தில் இரண்டு மணி நேரமும் தண்ணீரை நிறுத்தி வைத்தால் எல்லாக் குஞ்சுகளும் ஒரே நேரத்தில் தாகத்துடன் வரும். குப்பியின் ரப்பர் மூடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தித் திறந்து, குச்சியால் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்த நீர் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமலும் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமலும் தீர வேண்டும். ஒல்லியான குஞ்சுகள் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும், நீங்களே கொட்டகைக்குள் மெல்ல நடந்து அவற்றைக் குவளைப் பக்கம் நகர்த்த வேண்டும்.

தடுப்பு மருந்துக்கென விற்கும் நீலச் சாய மாத்திரையைச் சேர்க்குமாறு வலியுறுத்திச் சொல்கிறேன். அது குளோரினையும் முறிக்கும், குடித்த குஞ்சின் நாக்கிலும் நீலம் பிடிக்கும். கொட்டகையின் பல மூலைகளிலிருந்து 100 குஞ்சுகளைப் பிடித்து வாயைத் திறந்து பாருங்கள். 90க்காவது நாக்கு நீலமாக இருக்க வேண்டும். குறைந்தால் குவளைகளின் எண்ணிக்கை போதவில்லை என்று பொருள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

குப்பி 1000 டோஸ், என்னிடம் இருப்பது 200 குஞ்சுகள். மீதியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கூடாது. கலந்த மருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் உதவாது. ஒரே வயதுக் குஞ்சு வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்தாருடன் சேர்ந்து ஒரே காலையில் திறப்பதே வழி.

நோய் தொடங்கிய பின் என்ன கொடுப்பது என்பது மற்றொரு கேள்வி. வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. சாவு மூன்று நான்கு நாளில் உச்சத்துக்குப் போய், ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணியும். அதுவரை எலக்ட்ரோலைட் கலந்த தண்ணீரை எந்நேரமும் வையுங்கள். இந்நோயில் சிறுநீரகம் ஏற்கெனவே வீங்கியிருக்கும் என்பதால் இரத்தக்கழிச்சல் என்று எண்ணிச் சல்ஃபா மருந்து கொடுத்துவிடாதீர்கள்.

கொட்டகையை எத்தனை நாள் காலியாக விடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். கோழிகளை அகற்றிய கொட்டகையில் இவ்வைரஸ் 122 நாள் வரை பிழைத்திருந்ததாகப் பதிவு உண்டு, ஆகவே வெறுமனே பூட்டி வைப்பதால் பயனில்லை. ஆழ்கூளத்தை முழுவதும் அள்ளித் தொலைவில் அகற்றி, அதில் திரியும் கருவண்டுகளுக்கு மருந்தடித்து, சோப்புத் தண்ணீரால் எச்சம் துளியும் இல்லாமல் தேய்த்துக் கழுவிக் காய்ந்த பிறகே ஃபார்மலினோ குளுட்டரால்டிஹைடோ தெளிக்க வேண்டும். எச்சம் ஒட்டியிருக்கும் தரையில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது.