பழைய தோட்டத்துப் படங்களில் தமிழில் பெயர் எழுத

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் பல வீடுகளில் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) படங்கள், பால்மரம் வெட்டும் படங்கள் பெட்டிக்குள் கிடக்கின்றன. ஸ்கேன் செய்ததும் இடத்தையும் ஆண்டையும் படத்திலேயே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் கைமாறினால் கோப்பின் பெயர் தங்காது.

கட்டளை வரியில் இயங்கும் இமேஜ்மேஜிக் என்ற படத் திருத்த மென்பொருள் இலவசம். அதில் ‘ஸ்ப்ளைஸ்’ (splice) என்ற தெரிவைக் கொடுத்து அடியில் வெள்ளைப் பட்டை சேர்த்து, ‘அனோட்டேட்’ (annotate) தெரிவால் அந்தப் பட்டையில் எழுதுங்கள், யார் முகமும் மறையாது. தமிழ் எழுத்துருவைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும், இல்லையென்றால் வெறும் கட்டங்கள் வரலாம்.

சரி, எழுத்துரு கொடுத்தும் ‘சுங்கை’யில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? உங்கள் பதிப்பில் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ராக்ம் (Raqm) நூலகம் சேர்ந்திருக்காது. அதே வேலையைச் செய்யும் பாங்கோ (Pango) என்ற இன்னொரு நூலகத்தின் வழியாக எழுதிப் பாருங்கள், எழுத்து ஒழுங்காக வரும்.

அப்புறம், இமேஜ்மேஜிக்கின் ‘மோக்ரிஃபை’ (mogrify) கட்டளை மூலப்படத்தையே மாற்றிவிடும். அதற்குப் பதில் ‘மேஜிக்’ (magick) கட்டளையில் வேறு பெயர் கொடுத்துச் சேமியுங்கள்.