சிறிய படகுக்கு வி.எச்.எஃப் ஆன்டெனா: எதைப் பார்த்து வாங்குவது?

ரேடியோ வாங்கும்போது பத்து மாடல்களை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள்கூட, ஆன்டெனா என்று வந்தால் கைக்குக் கிடைத்ததை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். உண்மையில் கவனம் தேவைப்படுவது ஆன்டெனாவுக்குத்தான். படகில் பொருத்தும் கடல்சார் வி.எச்.எஃப் (மிக உயர் அலைவரிசை) ரேடியோ எதுவானாலும் அதன் உச்ச சக்தி 25 வாட்தான். உங்கள் குரல் எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பது ஆன்டெனா, அது நிற்கும் உயரம், கீழே இறங்கி வரும் கேபிள் ஆகிய மூன்றின் கையில் இருக்கிறது.

படி 1: அலைவரிசை சரிதானா?

கடல்சார் வி.எச்.எஃப் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. பொதுமக்கள் பேசும் சி.பி. ரேடியோவின் 27 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவும் பார்வைக்கு இதே போலத்தான் இருக்கும். ஆனால் இங்கே அது உதவாது, ரேடியோவையும் கெடுத்துவிடக்கூடும்.

இன்னொன்றையும் பாருங்கள். வாகனங்களில் வைக்கும் கால் அலை ஆன்டெனா (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது), தன் அடியில் ஓர் உலோகத் தகடு இருப்பதை நம்பி வேலை செய்வது. ஃபைபர் படகிலும் மரப் படகிலும் அந்தத் தகட்டுக்கு எங்கே போவது? ஆகவே அந்தத் தகடு தேவைப்படாத அரை அலை வகையைக் கேட்டு வாங்குங்கள். படகுக்கென்று வரும் ஆன்டெனாக்களில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

படி 2: எவ்வளவு உயரத்தில் நிற்கும்?

வி.எச்.எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், அடிவானத்தைத் தாண்டிப் பெரிதாக வளையாது. கணக்கு எளிது: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்குங்கள். அதுதான் கிலோமீட்டரில் உங்கள் ரேடியோ அடிவானம். 3 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 7 கி.மீ. எதிரில் இருப்பவருக்கும் இதே கணக்குப் போட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். உங்களைப் போன்ற இன்னொரு படகு என்றால் 14 கி.மீ. கரையில் 100 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்திருக்கும் நிலையம் என்றால் 48 கி.மீ. இது மேல் எல்லைதான், நடைமுறையில் குறையும்.

வாங்குவதற்கு முன்பே படகில் இருக்கும் மிக உயரமான, உறுதியான இடத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஆன்டெனாக்களிலிருந்தும் உலோகக் கம்பங்களிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி இருந்தால் நல்லது. பாலத்தின் அடியில் போக வேண்டியிருந்தால் மடக்கிச் சாய்க்கும் அடிப்பிடி அவசியம்.

படி 3: எத்தனை டெசிபல்?

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். ஆன்டெனா அலையை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவாகப் பெட்டியில் 3, 6, 9 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். எண் பெரிதானால் சக்தி கூடுகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆன்டெனாவால் புதிதாகச் சக்தியை உண்டாக்க முடியாது. ஊதிய பலூனை மேலிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே காற்று அதே அளவுதான். மேலும் கீழும் சப்பையாகிப் பக்கவாட்டில் விரிகிறது. டெசிபல் ஏற ஏற ஆன்டெனா செய்வதும் இதையேதான்: வானத்துக்கும் தண்ணீருக்கும் போகிற அலையைக் குறைத்து, அடிவானத்தை நோக்கித் தட்டையாக அனுப்புகிறது.

அசையாத கரையில் இது நன்மை. சிறிய படகு அலையில் இப்படியும் அப்படியும் சாயும்போது, அந்தத் தட்டையான கற்றை ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளும் மறுபக்கம் வானத்திலும் குத்தும். கேட்பவருக்குக் குரல் விட்டு விட்டு வரும். கடல் கொந்தளிக்கும் நேரத்தில்தான் உதவி கேட்க நேரும் என்பதை மறக்க வேண்டாம்.

பாய்ப்படகுக்கு என் தேர்வு பாய்மர உச்சியில் 3 டெசிபல், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. உயரம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது, படகும் சாய்ந்தே ஓடும். சிறிய மோட்டார் படகுக்கு 2.4 மீட்டர் நீள, 6 டெசிபல் ஃபைபர் கம்பம் பொருந்தும். மிகச் சிறிய, அதிகம் ஆடும் படகு என்றால் அதற்கும் 3 டெசிபலே போதும். 9 டெசிபல், ஐந்து மீட்டருக்கு மேல் நீளும் கம்பம். அது பெரிய, ஆடாத கப்பலுக்கு உரியது.

படி 4: கேபிளும் கனெக்டரும்

மெல்லிய ஆர்.ஜி 58 கேபிள் இந்த அலைவரிசையில் 15 மீட்டருக்கு ஏறக்குறைய 3 டெசிபல் தின்னும். 25 வாட்டில் பாதி வழியிலேயே போய்விடும். ஐந்தாறு மீட்டர் போதும் என்றால் அதுவே போதும். பாய்மர உச்சிவரை போக வேண்டுமானால் தடித்த ஆர்.ஜி 213 போடுங்கள். இழப்பு பாதிக்கும் கீழே வரும்.

ஒரு பருவம் முழுக்க எனக்கு மற்றவர்கள் பேசுவது கேட்டது, நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. ரேடியோவைத்தான் சந்தேகித்தேன். கடைசியில் ஆன்டெனா பக்கத்து பி.எல் 259 கனெக்டரைக் கழற்றி, கேபிளின் மேல்தோலைச் சீவினேன். உள்ளே இருந்த பின்னல் கம்பி பச்சைக் களிம்பேறி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஒரு சாண் வெட்டினேன், இன்னும் பச்சை. இரண்டு முழம் வெட்டிய பிறகுதான் பளிச்சென்று செம்பு தெரிந்தது. உப்புநீர் கேபிளுக்குள் அவ்வளவு தூரம் ஊறி ஏறியிருந்தது.

அதனால் வெள்ளீயம் பூசிய பின்னல் உள்ள கேபிளாக வாங்குங்கள். கனெக்டரைத் திருகி மட்டும் விடாமல் ஈயப்பற்று வையுங்கள். அதன் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். படகுக்குள் நுழையும் இடத்தில் கேபிள் சற்றுத் தொங்கி மேலேறட்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

படி 5: பொருத்திய பின் சோதனை

ஆன்டெனா இணைக்காமல் பேச்சுப் பொத்தானை அழுத்தவே கூடாது, ரேடியோவின் வெளியீட்டுப் பகுதி எரிந்துவிடக்கூடும். மல்டிமீட்டர் வைத்து கனெக்டரின் நடுமுனைக்கும் வெளிவளையத்துக்கும் இடையில் பார்த்தால், பல ஆன்டெனாக்கள் ஷார்ட் என்றே காட்டும். அவற்றின் அமைப்பே அப்படி, பயப்பட வேண்டாம். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேபிளை மட்டும் பார்க்கும்போது ஷார்ட் காட்டினால்தான் கோளாறு.

அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரை இரவல் வாங்கியாவது ஒருமுறை பாருங்கள். 1.5-க்குள் இருந்தால் நல்லது, 2 வரை பரவாயில்லை. 3 காட்டினால் சக்தியில் கால் பங்கு திரும்பி வருகிறது என்று அர்த்தம். முதலில் கனெக்டரைச் சந்தேகியுங்கள்.

பிறகு ரேடியோவை 1 வாட்டுக்குக் குறைத்து, உங்கள் பகுதியில் சோதனைக்கு அனுமதித்த சேனலில் தெரிந்த படகு ஒன்றைக் கூப்பிடுங்கள். அருகில் கேட்டது போதாது. அந்தப் படகு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு இன்னொரு முறை கூப்பிட்டு, குரல் தெளிவாக வருகிறதா என்று கேளுங்கள்.