மோட்டார்ஹோம் கூரையில் மடக்கு டிவி: ஸ்க்ரூ பிடிக்காத இடத்தில் மாட்டுவது எப்படி

மோட்டார்ஹோமுக்கு (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) கூரையிலிருந்து கீழே மடங்கி இறங்கும் டிவி பிராக்கெட்டை வாங்கினால், கூடவே ஒரு சின்னப் பையில் நான்கு மர ஸ்க்ரூ வரும். அந்தப் பையை ஓரமாக வைத்துவிடுங்கள். அது வீட்டுக்கானது.

ஃபியட் டுகாட்டோ போன்ற சேஸிஸ் மேல் தனியாகப் பெட்டி கட்டிய மோட்டார்ஹோம்களில் கூரை ஒரு சாண்ட்விச். உள்பக்கம் சுமார் 3 மி.மீ. பிளைவுட், நடுவில் 30 மி.மீ. அளவுக்கு ஃபோம், வெளியே அலுமினியம் அல்லது ஃபைபர் தகடு. ஓரங்களையும் வென்ட் ஜன்னலைச் சுற்றிய இடத்தையும் விட்டால் உள்ளே பெரும்பாலும் கட்டையே இருக்காது. அந்த 3 மி.மீ. பிளைவுட்டில் ஸ்க்ரூவின் மரை ஒன்றரைச் சுற்றுதான் பிடிக்கும். டிவி 4 கிலோ, பிராக்கெட் 2 கிலோ என்றால் நிற்கும் வண்டியில் 6 கிலோ. சக்கரம் ஒரு குழியில் விழுந்து எழும்போது அதுவே மூன்று மடங்காக இழுக்கும். ஆகவே பாரத்தை ஒரு பலகையில் பரப்பி, அந்தப் பலகையைக் கூரையில் ஒட்டுவதுதான் வழி.

டிவியும் பிராக்கெட்டும்

22 அல்லது 24 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். 24 அங்குல டிவி ஏறக்குறைய 55 செ.மீ. அகலம், 33 செ.மீ. உயரம். 12 வோல்ட்டில் நேரடியாக ஓடுவதாகப் பாருங்கள். அடாப்டரில் வெறும் '12 வோல்ட்' என்று போட்டிருக்கும் வீட்டு டிவியை வண்டி பேட்டரியில் அப்படியே கொடுக்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போதும் சார்ஜர் வேலை செய்யும்போதும் 14.4 வோல்ட் வரை ஏறும். அதற்கு 12 வோல்ட்டை நிலையாகத் தரும் 5 ஆம்பியர் ஸ்டெபிலைசர் ஒன்றை நடுவில் போடுங்கள்.

ஐபிஎஸ் பேனலாக (எந்தக் கோணத்திலும் படம் தெளிவாகத் தெரியும் திரை வகை) இருக்கட்டும். தலைக்கு மேலே இருக்கும் திரையை நாம் கீழிருந்து பார்க்கிறோம். மலிவான டிஎன் பேனலைக் கீழிருந்து பார்த்தால் படம் கருத்துவிடும். மேஜையில் வைத்துப் பார்த்து வாங்குபவர்களுக்கு இது தெரியாமல் போகும். கடையிலேயே டிவியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

பின்பக்கத் துளைகள் வெசா 75 அல்லது 100, அதாவது துளைகளின் இடைவெளி 75 அல்லது 100 மி.மீ. இரண்டுக்கும் எம்4 போல்ட்தான். பிராக்கெட் தகட்டின் தடிமனோடு டிவியில் சொல்லியிருக்கும் ஆழத்தைக் கூட்டி நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். நீளம் அதிகமானால் உள்ளே பேனலைக் குத்தும்.

மோட்டார் வைத்ததா, கையால் மடக்குவதா? கையால் மடக்குவதே மேல். மோட்டார் கெட்டால் பாதி இறங்கிய டிவியோடு வண்டியை ஓட்ட முடியாது. கேஸ் ஸ்ட்ரட் (வாயு அழுத்தத்தால் எடையைத் தாங்கும் தண்டு) உள்ள பிராக்கெட்டில் குறைந்தபட்ச எடையையும் பாருங்கள். டிவி ரொம்ப லேசாக இருந்தால் கீழே இழுத்தாலும் திரும்ப மேலே ஏறிக்கொள்ளும்.

முதலில் அட்டை

டிவி அளவுக்கு அட்டைப்பெட்டியை வெட்டி டேப்பால் கூரையில் தொங்கவிட்டு 90 டிகிரி மடக்கிப் பாருங்கள். மேல் அலமாரிக் கதவு, விளக்கு, வென்ட் கைப்பிடி எதிலும் இடிக்கக் கூடாது. மடக்கிய நிலையில் 8 முதல் 10 செ.மீ. கீழே தொங்கும். நடைபாதைக்கு மேலே வைத்தால் நெற்றியில் இடிக்கும். சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே வைப்பது உத்தமம். ஓட்டத்தில் பெல்ட் போட்டு உட்காருபவரின் தலை எட்டும் இடத்தைத் தவிருங்கள்.

பக்கத்து விளக்கைக் கழற்றி, அதன் வயர் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். பிளைவுட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவில் வயர் ஓடும் பாதை அதிலேயே தெரிந்துவிடும்.

பலகை

12 மி.மீ. பர்ச் பிளைவுட், 300க்கு 450 மி.மீ. பிராக்கெட்டை வைத்து நான்கு துளைகளைக் குறித்து 8 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். கூரையைத் தொடும் பக்கத்தில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் 20 மி.மீ. அகலம், 2 மி.மீ. ஆழத்துக்குக் குடைந்து எம்6 டி-நட்டை (மரத்துக்குள் பதியும், தட்டு விளிம்புள்ள நட்) சுத்தியலால் இறக்குங்கள். அதன் வாயை மேல்பக்கத்தில் டேப் போட்டு மூட மறக்க வேண்டாம். பசை உள்ளே போய் மரையில் இறுகிவிட்டால் பலகையையே பிய்க்க வேண்டும்.

ஒட்டுவது: இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள்

பல வண்டிகளில் கூரை பிளைவுட்டின் மேல் மெல்லிய வினைல் அல்லது துணி ஒட்டியிருக்கும். அதன் மேலேயே பசையைப் போட்டால் பசை வினைலை விடாது, வினைல்தான் பிளைவுட்டை விட்டுவிடும். சில மாதம் தாங்கும். பிறகு ஒரு கோடை நாளில் கூரை சுட்டு, பலகை ஒரு மூலையிலிருந்து உரிந்து வரும். எனவே பலகையை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்கு 5 மி.மீ. உள்ளே கத்தியால் கீறி அந்த லைனிங்கை உரித்துவிடுங்கள். கத்தி முனை வினைலை மட்டும் வெட்டினால் போதும். அடியில் வெறும் மரம் தெரிந்ததும் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள்.

பசைக்கு சிக்காஃப்ளெக்ஸ் 252 போன்ற பாலியூரித்தேன். சிலிகான் கூடவே கூடாது. இந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும், அதுவும் வெளி ஓரத்திலிருந்து உள்ளே, முதல் நாளில் 3 அல்லது 4 மி.மீ. அளவுக்கு. பலகை முழுக்கக் கரண்டியால் பூசி அழுத்தினால் ஓரம் மட்டும் இறுகி நடுப்பகுதி வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும்.

ஆகவே பசையை வரி வரியாக இடுங்கள். நாசிலை முக்கோணமாக வெட்டி, பலகையின் 300 மி.மீ. பக்கவாட்டில், 40 மி.மீ.க்கு ஒரு வரியாக, 8 மி.மீ. உயரம் 10 மி.மீ. அகலத்தில் இழுங்கள். பதினோரு வரி வரும். 300 மி.லி. டியூபில் பாதி கூடச் செலவாகாது. பலகையின் மூலைகளில் 2 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் துண்டுகளை வைத்து அழுத்தினால், ஒவ்வொரு வரியும் 20 மி.மீ. அகலத்துக்குப் பரவி, நடுவில் 20 மி.மீ. காற்றுப் பாதை மிஞ்சும். அந்த இடைவெளியை யாரும் 'அழகுக்காக' ஓரத்தில் பசை போட்டு அடைத்துவிடக் கூடாது.

தரையிலிருந்து ஒரு கட்டையை முட்டாகக் கொடுத்து ஒரு வாரம் அப்படியே விடுங்கள். குளிர்காலத்தில் இன்னும் சில நாள். அவசரப்பட்டு மறுநாளே டிவியைத் தொங்கவிடுவதுதான் பல பலகைகள் விழக் காரணம்.

வயரும் போல்ட்டும்

டிவி எடுப்பது 2.5 ஆம்பியர் அளவுதான். ஆனாலும் 2.5 ச.மி.மீ. வயர் போடுங்கள். 6 மீட்டர் தூரம் போய் வருவதில் 0.2 வோல்ட்தான் குறையும். பேட்டரி பக்கம் 5 ஆம்பியர் ஃப்யூஸ், நடுவில் ஒரு சுவிட்ச். வயரைக் கூரை ஃபோமுக்குள் திணிக்காமல் அலமாரிக்குள்ளும் மேற்பரப்பில் ஒட்டும் வயர் பட்டையிலும் கொண்டுபோவது நல்லது. எங்காவது துளையிட வேண்டி வந்தால் பிட்டில் டேப் சுற்றி அளவு வைக்காதீர்கள், அது நழுவும். ஸ்க்ரூ வைத்து இறுக்கும் இரும்பு வளையம் மலிவுதான். கூரையின் மொத்தத் தடிமன் 35 மி.மீ. அளவே, வெளியே வந்த பிட் விட்டுப்போவது மழை ஒழுகும் ஓட்டை.

கீல் பக்கத்தில் 20 செ.மீ. தளர்வு விட்டுப் பத்துமுறை மடக்கித் திறந்து, வயர் எங்கே நசுங்குகிறது என்று பாருங்கள். ஆன்டெனா கேபிள் தடிமனாக இருந்தால் கீல் தாண்டும் இடத்துக்கு மட்டும் மெல்லிய கோஆக்ஸ் துண்டு போதும்.

பிராக்கெட்டைப் பிடிக்க எம்6, 16 மி.மீ. போல்ட், வாஷர், நீலநிற மரைப்பசை. 20 மி.மீ. போல்ட் போட்டால் முனை பலகையைத் தாண்டி மேலே வந்து கூரையை நெம்பும். இறுக்க இறுக்கப் பலகையே கழன்று வரும், காரணமும் வெளியே தெரியாது.

பிராக்கெட்டின் பூட்டை மட்டும் நம்பி ஓட்ட வேண்டாம். 25 மி.மீ. நாடாவும் பக்கிளும் கொண்டு டிவியைப் பலகையோடு சேர்த்துக் கட்டுங்கள். மடக்கிய டிவிக்கும் பலகைக்கும் நடுவில் ஃபோம் துண்டு வைத்தால் கடகடப்பும் நிற்கும். ஓட்டுநர் கண்ணில் படும்படி டிவி ஓடுவதை பிரிட்டனில் 1986ஆம் ஆண்டு வாகன விதிகளின் 109ஆம் விதி தடுக்கிறது.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்தவை

டெம்போ டிராவலர் போன்ற இரும்பு வேனில் ஒட்டுவதா என்று கேட்டிருந்தார்கள். தேவையில்லை. அங்கே கூரையில் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். காந்தத்தைக் கூரை லைனிங் மேல் நகர்த்தினால் ஒட்டும் இடமே சட்டம். 9 மி.மீ. துளையிட்டு எம்6 ரிவ்நட் (தகட்டுத் துளையில் ரிவெட் போல இறுகும் நட்) அடித்து, இரண்டு சட்டங்களுக்குக் குறுக்கே பலகையைப் பூட்டுங்கள். துளை ஓரத்துக்கு ஜிங்க் பிரைமர் தடவாவிட்டால் துரு பிடிக்கும். சட்டத்தின் வெளித்தகடு கூரையே என்பதால் இங்கும் இரும்பு வளையம் அவசியம்.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக் அடிக்கடி தானாக அணைந்து எழுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். டிவியின் யூஎஸ்பி வாய் பெரும்பாலும் 0.5 ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் 1 ஆம்பியர் கேட்கும். டிவிக்குப் போகும் அதே 12 வோல்ட் வயரிலிருந்து தனி யூஎஸ்பி சாக்கெட் பிரித்து, சுவிட்சுக்குப் பிறகு இணைத்துவிட்டால் சரியாகும்.